கீழே இழுத்த மூச்சு

சங்கரன்கோவில்காரர்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்துப் போவார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போடுவார்கள். உடனே நாழிக்கிணற்றுக்கு ஓட்டம். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீரால் கழுவினால்தான் அவர்களுக்குக் குளித்த மாதிரி. இந்த ஊரிலிருந்து ஒருத்தி போய்க் கடலுக்கு அடியில் இறங்குவதையே உத்தியோகமாக்கிக்கொண்டிருக்கிறாள். இதை அடக்கி வாசிக்கச் சொன்னால் என்னால் ஆகாது. பெருமையைப் பெருமையாகத்தான் சொல்ல வேண்டும்.

அவள் பெயர் கோமதித்தாய். பிறந்தது குருவிகுளம் பக்கம், வானம் பார்த்து விதைக்கிற ஒரு கரிசல் ஊர். அவ்வளவு காய்ந்த ஊரிலும் அவள் அப்பாவுக்கு ஒரு தோட்டக்கிணறு இருந்தது. அதில்தான் நீச்சல் படித்தாள். கிணற்றில் நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஆற்று நீச்சல்காரன் தூரத்தைச் சொல்லுவான், கிணற்று நீச்சல்காரன் ஆழத்தைச் சொல்லுவான். யார் வீட்டு வாளி விழுந்தாலும், பாதாளக்கரண்டியைத் தேடுகிற நேரத்துக்குள் கோமதியைக் கூப்பிட்டு விடுவார்கள். அவள் மூச்சை இழுத்துப் பிடித்து முங்கினால், மேலே நிற்கிறவர்களுக்குப் பயம் வந்து, பயம் கோபமாகி, திட்ட வாயைத் திறக்கும்போதுதான் வாளியோடு தலை தெரியும். இந்த மூச்சுப் பிடிதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து, அதுவே பின்னால் குறுக்கே வந்து நின்றது.

கட்டிக்கொடுத்தது சங்கரன்கோவிலில், மகாராஜாவுக்கு. பெயர்தான் மகாராஜா, தொழில் டைல்ஸ் ஒட்டுவது. கோமதித்தாய் விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். ஒரே மகள் காவியா. அவள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போன வருஷம், மகாராஜாவுக்கு அந்தமானில் ஹேவ்லாக் தீவில் நீண்ட வேலை கிடைத்தது. சொகுசு விடுதிகள் முளைக்கிற இடம், தரைக்கு ஆள் வேண்டும். காலி வீட்டில் தனியாக என்ன செய்வது என்று கோமதித்தாய் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு மைமூனம்மாளிடம் கொடுத்துவிட்டு, புருஷனோடு கப்பல் ஏறினாள்.

அங்கே இரண்டு பேருக்குச் சோறு பொங்கிவிட்டால் பிறகு பொழுது போகவில்லை. அவர்கள் தங்கிய தகரக் கொட்டகைக்கு அடுத்து ஒரு கடை. காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் மாட்டி, சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய் மீனும் பவளமும் காட்டுகிற கடை. அதை நடத்துகிற ஜெயசிங் தூத்துக்குடிக்காரர், முப்பதைத் தாண்டாத வயசு. சாமான்களை அலச ஆள் வேண்டும் என்று அவர் போனில் யாரிடமோ தமிழில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே, "நான் வரட்டுமா தம்பி?" என்று கேட்டாள்.

முதல் நாள் ஈரம் சொட்டச் சொட்ட ரப்பர் சட்டைகள் வந்து குவிந்தன. நல்ல தண்ணீர்த் தொட்டியில் உப்புப் போக அலச வேண்டும். இவள் சுற்றுமுற்றும் பார்த்தாள், துவைக்கிற கல் எதுவும் இல்லை. படிக்கட்டு ஓரத்தில் ஒரு சிமென்ட் திண்டு இருந்தது, அது போதும் என்று ஒரு சட்டையைச் சுருட்டி ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடிக்குள் ஜெயசிங் ஓடி வந்துவிட்டார்.

"அக்கா, அது ரப்பருக்கா. அடிச்சா செத்துரும்."

"அடிக்காம அழுக்கு எப்படித் தம்பி போகும்?"

"அழுக்கு இல்லக்கா, உப்பு. முக்கி எடுத்தாலே போதும்."

முக்கி எடுத்தால் வேலை முடிந்தது என்பதை அவள் கை ஒப்புக்கொள்ள நாளாயிற்று.

தொட்டி ஓரத்தில் நின்றால் வருகிறவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். மதுரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆண்கள் உடனே சட்டையை மாட்டிக்கொள்வார்கள். பெண்கள் தயங்கி நிற்பார்கள். இறங்கினால் முழு நேரமும் ஒருவர் பிடித்துக்கொண்டே வர வேண்டும். கடையில் இருந்ததெல்லாம் ஆம்பளைகள். "லேடீஸ் யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும், "நீங்க போயிட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கிடுதேன்" என்று கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். கப்பல் ஏறி, கடல் தாண்டி, பை பார்ப்பதற்காக வந்தவர்கள். கோமதித்தாய்க்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒருநாள் ஈரக்கையோடு போய் ஜெயசிங் முன்னால் நின்றாள்.

"எனக்கு நீச்சல் தெரியும். கிணத்து நீச்சல். என்னைப் பழக்கி விடுங்க. அந்தப் பொம்பளையாளுகளை நான் பிடிச்சிக்கிடுதேன்."

ஜெயசிங்குக்கும் அப்படி ஒரு ஆள் தேவைதான். சரி என்றார். அளவான ரப்பர் சட்டை ஒன்றைத் தேடிக் கொடுத்தார். சட்டையும் சிலிண்டருமாகக் கரையில் நின்றவளை மகாராஜா போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். "ஏட்டி, இம்புட்டு நாளு இதை அலசுன, இன்னைக்கு இதுக்குள்ளயே போயிட்ட" என்று சிரித்தார். மகள் அதை அன்றைக்கே ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். "என் அம்மா, ஆழ்கடலில்" என்று கீழே எழுதியிருந்தது. சங்கரன்கோவில் தெரு முழுக்க அதைப் பார்த்துவிட்டது.

உண்மையில் அன்று அவள் இறங்கிய ஆழம் இடுப்பளவு.

இடுப்பளவிலும் கழுத்தளவிலும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வாயில் ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே மூச்சு இழுத்து விட்டாள். அந்தச் சுகத்துக்குச் சிரிப்பு வந்து முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பிறகு மூன்றாள் ஆழத்துக்குப் போனார்கள். அங்கேதான் வினை. கண்ணாடியில் தண்ணீர் ஏற, பதறியதில் வாய்க்குழாய் நழுவிவிட்டது. கிணறு படித்த உடம்பு ஒரு நொடி யோசிக்கவில்லை. வாயை இறுக மூடி, மூச்சைப் பிடித்து, காலை உதைத்து மேலே கிளம்பினாள். ஜெயசிங் பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தார், வயிற்றில் ஒரு குத்தும் விட்டார். குத்தில் பிடித்திருந்த காற்றெல்லாம் குமிழியாய்ப் போயிற்று. அவர் குழாயை வாயில் திணித்து மெதுவாக மேலே கொண்டுவந்தார்.

படகில் ஏறியதும் அவள் கண் சிவந்திருந்தது. "எங்கய்யா கூட என்னை அடிச்சதில்ல" என்றாள்.

ஜெயசிங் அவள் முதுகுச் சிலிண்டரைக் கழற்றி வைத்தார். "மன்னிச்சிருங்கக்கா. நீங்க மூச்சப் பிடிச்சிருந்தீங்கல்லா?"

"நல்லாப் பிடிச்சிருந்தேன்." இதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

"அதான் ஆபத்து. கிணத்துல நீங்க மேல இழுத்த மூச்சோட கீழ போறீங்க. ஆழத்துல அது சுருங்கும், திரும்ப மேல வந்தா பழைய அளவுக்கு வந்துரும். ஒண்ணும் செய்யாது. இங்கன சிலிண்டர்லருந்து இழுக்கது கீழ இழுத்த மூச்சு. அது அமுங்கிக் கெடக்க காத்து. அதைப் பிடிச்சிக்கிட்டு மேல வந்தா விரியும்க்கா. நெஞ்சுக்குள்ள விரிய எடம் ஏது? நுரையீரல் கிழிஞ்சிரும். குழாய் வாயில இல்லன்னா, மேல வார வரைக்கும் விட்டுக்கிட்டே வரணும். பிடிக்கவே கூடாது."

அவளுக்குப் புரிந்தது, அறிவுக்குப் புரிந்தது. வாய்க்குத்தான் புரியவில்லை. அடுத்து எத்தனை முறை பழக்கியும், குழாய் வாயை விட்டு விலகிய மறுநொடி உதடு தானாக ஒட்டிக்கொண்டது. எந்த மூச்சுப் பிடியால் ஊரில் பெயர் எடுத்தாளோ அதை விடச் சொன்னால் எப்படி விடுவது? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மழைக்காலம் வந்து படகுகளைக் கரையேற்றிய அன்று ஜெயசிங் அவளை உட்காரவைத்துச் சொன்னார். "தப்பு உங்க மேல இல்லக்கா. உடம்பு அப்படிப் படிச்சிருக்கு. ஆனா அது மாறாம நான் உங்களை நம்பி ஒரு ஆளைக் கையில குடுக்க முடியாது. பூஜை லீவுக்குக் கடை திறப்பேன். ஒரு தடவை பாப்போம். அப்பவும் வாய் மூடிச்சின்னா தொட்டி வேலைதான். அதுல உங்களுக்கு என்னைக்கும் எடம் உண்டு."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடித்தபசுக்கு அவள் மட்டும் ஊருக்கு வந்தாள். வந்த அன்றே தெரு கூடிவிட்டது. படம் பார்த்த தெரு அல்லவா. சாவியோடு வந்த மைமூனம்மாள் முதல் கேள்வியைப் போட்டாள். "உள்ள மீனெல்லாம் நம்மளைக் கண்டா ஓடுமா, நின்னு பாக்குமா?"

"நின்னு பாக்கும்." இது பொய் இல்லை.

"எம்புட்டு ஆழம் போனே?"

"ரொம்ப எல்லாம் இல்ல."

அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். "பாரு, கடலுக்கு அடியில போயிட்டு வந்துட்டு ஒரு அலட்டல் இருக்கா?" என்று இன்னும் இரண்டு பங்கு புகழ்ந்தார்கள். அவளுக்கு நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. உழைத்து வந்த பெருமை என்றால் ஒரு மரக்கால் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். இல்லாத பெருமைக்குத் தலையாட்ட அவளுக்கு வராது. ஒன்று அந்தப் படம் நிஜமாக வேண்டும், இல்லை எல்லோரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். திருவிழா முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

தபசு அன்று சாயங்காலம் தெற்கு ரத வீதியில் எள் போட்டால் எள் விழாது. சுற்றுப்பட்டு ஊர் சம்சாரிகள் பருத்தியும் வத்தலுமாய் வெள்ளாமையைக் கொண்டுவந்து அம்மனைப் பார்த்துக் காணிக்கையாக வீசுகிறார்கள். தபசிருந்த கோமதி அம்மனுக்கு எதிரே சங்கரநாராயணராகச் சாமி வந்து நிற்கிற நேரம். எங்கோ ஒருத்தி குலவையை எடுத்தாள். மறுவிநாடி வீதி முழுக்கக் குலவை. கோமதித்தாயும் எடுத்தாள். அவள் குலவை எப்போதுமே நீளம், மூச்சுப் பிடித்துப் பழகிய நெஞ்சு கொடுத்த நீளம். பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு தடவை நிறுத்தி எடுத்தும் இவளுடையது போய்க்கொண்டே இருந்தது.

நடுவில்தான் அவளுக்கு அது உறைத்தது. வாய் திறந்திருக்கிறது. மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. யாரும் விடச் சொல்லவில்லை, யாரும் வயிற்றில் குத்தவில்லை. நாக்கு ஆடுகிற வரைக்கும் காற்று நிற்க முடியாது. இத்தனை நாளாக வாயை மூடாதே, மூடாதே என்று உடம்போடு சண்டை போட்டது எவ்வளவு மடத்தனம். மூடாதே என்று சொன்னால் கேட்காத வாய், குலவை போடு என்று சொன்னால் கேட்கும்.

கூட்டத்துக்கு நடுவே தன்பாட்டில் சிரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அதுவும் பொய் இல்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குப் பிறந்த ஊருக்குப் போனாள். தம்பி துரைப்பாண்டி தோட்டத்து மோட்டார் ரூமில் பியூஸ் மாற்றிக்கொண்டிருந்தான். அக்காவை வா என்று கேட்பதற்குள் கிணற்றில் தொப்பென்று சத்தம். அது அவனுக்குப் புதிதில்லை. அடுத்து வந்த சத்தம்தான் புதிது. தண்ணீருக்குள்ளிருந்து கொடகொடவென்று குமிழி பொங்கியது. அதன் பின்னாலேயே தலை வெளியே வந்து, கிணறு அதிரக் குலவை.

துரைப்பாண்டியின் பெண்டாட்டி சண்முகத்தாய் வீட்டிலிருந்து திருநீற்று மரவைக் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். "மயினிக்கு சாமி வந்திருக்கு. தபசுக்குப் போன எடத்துல அம்மன் எறங்கிருக்கா."

துரைப்பாண்டி எட்டிப் பார்த்தான். "யக்கா, கிணத்துக்குள்ள யாருக்குக் கல்யாணம்?"

"ஏலே, சும்மா கெட. வேல பாக்குதேன்."

"இது என்ன வேல?"

"மூச்சு விடுத வேல."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் எதற்கும் இருக்கட்டும் என்று கிணற்றுக்குள்ளேயே திருநீற்றைத் தூவினாள்.

அந்தக் கிணறு பரீட்சைக்கு ஆகாது என்பது கோமதித்தாய்க்குத் தெரியும். இங்கே மேலே இழுத்த மூச்சு, கடலில் கீழே இழுத்த மூச்சு. பழக வேண்டியது வாய் மட்டும்தான். குதிப்பாள், அடியைத் தொடுவாள், அங்கிருந்தே குலவையை எடுத்து, மேலே வரும் வரை விட்டுக்கொண்டே வருவாள். பாதி வழியில் மூச்சு தீர்ந்து நெஞ்சு அடைக்கும். வாய் மூடப் பார்க்கும். மறுபடி குதிப்பாள். சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் எண்ணத்தையே விட்டுவிட்டு, தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். வயல் வேலைக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் யாரும் நிற்கவில்லை, பம்புசெட் சத்தம் மாதிரி அதுவும் ஒரு சத்தமாகிவிட்டது. வாயும் வழிக்கு வந்தது. தெருவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லும் யோசனையை அவள் தள்ளிவைத்தாள்.

அவள் தீவுக்குத் திரும்பினாள், ஆயுத பூஜைக்குக் கடை திறந்தாயிற்று. சிலிண்டர்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தது அவள்தான். மறுநாள் விஜயதசமி. "நல்ல நாளு, இன்னைக்கே பாத்துருவோம்" என்று அவளே ஜெயசிங்கிடம் சொன்னாள். மகாராஜாவுக்கும் விடுமுறை. கூடவே படகில் ஏறிக்கொண்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படகின் நடுவில் உட்கார்ந்து, "கோமதி, வேண்டாம்னா இப்பவே சொல்லிரு, ஒண்ணும் தப்பில்ல" என்றார். கரையில் அத்தனை கேலி பேசிய மனுஷன் குரலில் பயம் இருந்தது.

"நீங்க பையப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னுக்குச் சாய்ந்து விழுந்தாள்.

ஐந்தாள் ஆழம். கீழே மணலில் முழங்கால் போட்டு இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். ஜெயசிங் முன்னமே சொல்லியிருந்தார். காற்று தீர்ந்துவிட்ட மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். குழாயை வாயிலேயே கவ்விக்கொள்ளலாம், ஆனால் அதிலிருந்து இழுக்கக் கூடாது. இங்கே இழுத்த கடைசி மூச்சை விட்டுக்கொண்டே மேலே போக வேண்டும், மெதுவாக. வாய் எங்கே மூடினாலும் அவர் நிறுத்திவிடுவார். அவள் தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலை மேலே காட்டினார்.

கோமதித்தாய் இழுத்தாள். தலையை நிமிர்த்தினாள். மேலே வெளிச்சம் வெகு தொலைவில் இருந்தது. கிணற்றில் இந்த ஆழத்துக்கு அவள் போனதே கிடையாது. உடம்பு பழைய வேலையைச் செய்யப் பார்த்தது, உதடு இறுகப் பார்த்தது. அவள் நாக்கை அசைத்துக் குலவையை எடுத்தாள்.

ரப்பரைக் கவ்விய வாயில் குலவை என்ன அழகாகவா வரும்? கொடகொடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குமிழிகள் கிளம்பின. அவள் மெல்ல ஏறினாள். கிணற்றில் பாதி வழியில் தீருமே, அந்த இடம் வந்தது. தீரவில்லை. நெஞ்சில் இன்னும் காற்று இருந்தது. விட்டாள். விட விட உள்ளே ஊறியது. கீழே அமுங்கிக் கிடந்த மூச்சு, மேலே வர வர விரிந்துகொண்டே இருந்தது. இழுத்தது ஒரு மூச்சு, விடுவது பல மூச்சு. ஜெயசிங் சொன்ன கணக்கு அவளுக்கு இப்போதுதான் உடம்பில் புரிந்தது. இப்படி ஒரு குலவையை எந்த ஊர்க் கோயில் கொடையிலும் எவளும் போட்டிருக்க மாட்டாள் என்று அந்த ஏற்றத்தின் நடுவிலேயே அவளுக்குப் பெருமை வந்தது. வந்தால் என்ன, நியாயமான பெருமை.

தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஜெயசிங் பட்டியைப் பிடித்திருக்க, அவள் குழாயைத் துப்பினாள். குலவை நிற்கவில்லை. எடுத்த குலவையைப் பாதியில் விடுவது அவள் வளர்ப்பிலேயே கிடையாது. இத்தனை நேரம் தண்ணீருக்குள் அடங்கிக் கிடந்த சத்தம் இப்போது கடல் மேல் கணீரென்று போயிற்று. மகாராஜா நீச்சல் தெரியாததை மறந்து படகில் எழுந்து நின்றுவிட்டார்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு படகு நின்றது. பூஜை விடுமுறைக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பம், பெரிய குடும்பம். ஆண்கள் தண்ணீரில் இருந்தார்கள். பெண்கள் படகில் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். குலவைச் சத்தம் வந்த பக்கம் அத்தனை தலையும் திரும்பியது. எந்த ஊர்க்காரர்களோ, என்ன விசேஷமோ, கடலுக்கு நடுவில் எதற்கோ, ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. குலவை கேட்டால் சும்மா இருக்க முடியுமா? அதில் ஒருத்தி வாயோரம் கையை வைத்து எடுத்தாள். அடுத்தவள் சேர்ந்தாள். பைகளை விட்டுவிட்டு எல்லோருமே எடுத்தார்கள்.

ஜெயசிங் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று, இருந்த மூச்சை முழுக்க விட்டு முடித்தாள்.